ஓங்கி அடிங்க!

“இது உடையாதுன்னு உங்களால எழுதிக் கொடுக்க முடியுமா?”

கத்தியைக் கல்லா மேசையின் மேல் வைத்துவிட்டுக் கேட்டார் வந்தவர். அறுபது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

காட்டக்காவுக்குச் சுருக்கென்றது. வனக்காவலராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். முகாம் சாமான்கள் விற்கும் இந்தக் கடையில், வருகிற சரக்கைப் பார்த்துத் தரம் சொல்வது இப்போது அவர் வேலை. கூடாரமோ கயிறோ கத்தியோ, அவர் தலையாட்டினால்தான் அலமாரி ஏறும்.

இந்தக் கத்தியும் அப்படி ஏறியதுதான். போன மாதம் யாரோ ஒரு அம்மா, கையால் செய்தவை என்று சொல்லிப் பன்னிரண்டு காட்டுக் கத்திகளைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். விலையைக் கேட்டதுமே முதலாளி உதட்டைப் பிதுக்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வெளிநாட்டுக் கத்திகளின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு மலிவாக வந்தால் அது தகரமாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி.

“செஞ்சவருக்கு விலை போடத்தான் தெரியலை. கத்தி செய்யத் தெரிஞ்சிருக்கு” என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கவைத்தது காட்டக்காதான். அத்தனையும் விற்றுத் தீர்ந்திருந்தன.

“ஏன் சார், கத்தி என்ன பண்ணுச்சு?”

“இதுவரைக்கும் ஒண்ணும் பண்ணலை. காட்டுக்குள்ள போய் உடைஞ்சுதுன்னா?”

“பிடிக்கலைன்னா கொடுத்துட்டுப் பணத்தை வாங்கிட்டுப் போங்க சார்” என்றார் முதலாளி அவசரமாக.

“பணம் கிடக்கட்டும். என் கண் முன்னாடி சோதிச்சுக் காட்டுங்க.”

முதலாளி காட்டக்காவை ஓரமாக இழுத்துப் போனார். “நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? இது உடைஞ்சுதுன்னா மீதி பதினொண்ணையும் தேடிப் பிடிச்சுத் திரும்ப வாங்கணும். அப்புறம் நீங்க இங்க சரக்கு பார்க்க வேணாம். நிம்மதியா வீட்டுல இருந்துக்கலாம்.”

சேர்ந்தாற்போல இரண்டு நாள் வீட்டில் இருந்தால் சுவரோடு சண்டை போடுகிற ஆள் காட்டக்கா. கத்தியை எடுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போனார். மற்ற இருவரும் தொடர்ந்தார்கள்.

முதலில் ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டு மேலிருந்து கீழாக இழுத்தார். சத்தமில்லாமல் இரண்டாயிற்று.

“கூர்மையை விடுங்கம்மா. உடையுதான்னு பாருங்க.”

“ஒவ்வொண்ணாத்தானே சார் பார்க்கணும்? நான் என்ன ஓடியா போயிடப்போறேன்?”

விறகுக் கட்டையின் தலையில் கத்தியின் வெட்டும் பக்கத்தை வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினார்.

“ஓங்கி அடிங்க.”

ஓங்கி அடித்தார். கட்டை பிளந்தது.

“முடிச்சு விழுந்த கட்டை இருந்தா எடுங்க. அதுல அடிங்க.”

இந்த மனுஷன் என் வேலைக்கு உலை வைக்காமல் போகமாட்டான் போலிருக்கிறதே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, முடிச்சுக் கட்டையை எடுத்துப் போட்டு அடித்தார் காட்டக்கா. ஒவ்வொரு அடிக்கும் வந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். பார்க்கவேண்டும் என்று வந்தவர் கண்ணை மூடுவானேன் என்று எரிச்சலாக வந்தது. ஆறாவது அடியில் முடிச்சும் விட்டுக்கொடுத்தது. நுனியைக் குத்தி நெம்பியதில் மரச் சிம்புகள் தெறித்தன. கத்தியில் ஒரு கீறல் இல்லை.

“வைஸ்ல கடிக்கவிட்டு வளைச்சுப் பாருங்க” என்றார் வந்தவர். மேசையோரத்தில் இருந்த இரும்புப் பிடிப்பானைக் காட்டினார்.

“சார், இந்த விலைக்கு இவ்வளவு கேட்கலாமா?” என்று முதலாளி இடையில் புகுந்தார். வந்தவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

இதுதான் கடைசிப் பரீட்சை என்பது காட்டக்காவுக்குத் தெரியும். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிய எஃகுக்கு விறைப்பு ஏறியிருக்கும். மறுபடியும் இளஞ்சூட்டில் வைத்து அதைத் தணிக்காவிட்டால், வளைத்த மறுநொடி பட்டென்று உடைந்துவிடும். நன்றாகத் தணித்த கத்தி வளைந்துவிட்டுத் தானாக நிமிரும். செய்தவர் எப்படிச் செய்தாரோ, யார் கண்டது?

கத்தி நுனியை வைஸில் இறுக்கி, பிடியில் துணியைச் சுற்றி இழுத்தார். கத்தி வளைந்தது. இன்னும் வளைந்தது. முதலாளி இரண்டடி பின்னால் போனார். காட்டக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை விட்டார்.

விர்ரென்று ஒரு சத்தம். கத்தி நேராக நின்றது.

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. “பார்த்துக்கிட்டீங்களா சார்? பத்து மடங்கு விலைக் கத்திகூட இந்த அடியைத் தாங்காது! இப்ப எழுதியே தர்றேன், எங்க கையெழுத்துப் போடணும்?”

முதலாளி அசடு வழியச் சிரித்தார். வந்தவர் பிளந்த கட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர்.

“என்ன சார், உடையலைன்னு அழறீங்களா?”

“இது தாங்கிடுச்சுன்னா மீதி பதினொண்ணும் தாங்கும்மா. பதினொரு பேரும் கைகாலோட வீடு திரும்புவாங்க. இன்னிக்குத்தான் தூங்கப்போறேன்.”

“அவங்க கவலை உங்களுக்கு எதுக்கு சார்? அப்படிப் பயமா இருந்தா உங்க வீட்டுலயே நாலு அடி அடிச்சுப் பார்த்திருக்கலாமே?”

“கடைசியா மிச்சமிருந்த இதை ஆள் விட்டு உங்ககிட்ட வாங்கி, மூணு நாளாக் கட்டைமேல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், நான் செஞ்சதை நானே அடிக்கக் கை வரலைம்மா” என்றார் அவர். “பேத்தி பிறந்துட்டான்னு போட்டது போட்டபடி மக வீட்டுக்கு ஓடினதுல, பன்னிரண்டையும் தணிக்கிறதுக்கு ஒண்ணா அடுப்புல வச்சவன் அடுப்பை மூட்டினேனா இல்லையான்னு சுத்தமா ஞாபகம் இல்லை, நான் திரும்பி வர்றதுக்குள்ள வீட்டுக்காரி அத்தனைக்கும் கைப்பிடி போட்டு உங்ககிட்ட கொண்டுவந்து கொடுத்துட்டா!”