கால் ஆணி

பட்டுச்சேலை இல்லை, நகையும் அவ்வளவாக இல்லை. ஆனாலும் ஓ.பி. சீட்டில் 'பகவதி, குலசேகரம்' என்று பார்த்ததுமே அபிதாவுக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா வந்தாயிற்று.

முந்தின நாள்தான் அம்மா சத்தியபாய் போனில் சொல்லியிருந்தாள். "குலசேகரத்துல இருந்து மாப்பிள்ளைக்க அம்மை வருவாவளாம். நோயாளி கணக்குல வந்து உன்ன நோக்கிட்டுப் போவாவ. நல்லாட்டு தலைய சீவிட்டு இரு. சர்ஜரி கிர்ஜரின்னு வாயத் தொறந்திராத, கேட்டியா?"

நம்ம ஊரில் இது ஒன்றும் புதுசில்லை. டாக்டர் பெண்ணை வீட்டில் போய்ப் பார்த்து மிக்சர் தின்றுவிட்டு வருவதைவிட, அஞ்சு நிமிஷம் ஓ.பி.யில் உட்கார்ந்தால் குணம் தெரிந்துவிடும் என்று ஒரு கணக்கு. இந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு நிபந்தனை ஒன்றுதான். பெண் கண் டாக்டரோ தோல் டாக்டரோ ஆகட்டும், சாயங்காலம் வீடு வந்து சேர வேண்டும். நேரம் கெட்ட நேரத்தில் எழுந்து ஓடுகிற சர்ஜரி மட்டும் ஆகாது.

அபிதாவோ ஹவுஸ் சர்ஜனாக ஒவ்வொரு டிபார்ட்மென்டாகச் சுற்றியும் மனசு எதிலும் ஒட்டவில்லை. மெடிசினில் தூக்கம் வந்தது. குழந்தைகள் வார்டில் குழந்தைகளோடு சேர்ந்து இவளும் அழுதாள். சர்ஜரிக்கு வந்து முதல் தையல் போட்ட அன்றுதான் இதுதான் நம்ம இடம் என்று தெரிந்தது. அதை எந்த மாப்பிள்ளைக்காகவும் விடுவதாக இல்லை.

"இங்க வாங்கம்மா" என்று பெரிய மேஜையிலிருந்து கிருஷ்ணமணி சார் கூப்பிட்டார். சர்ஜரி சீஃப். அவர் பார்க்கமாட்டாரா என்று ஜனம் தவம் கிடக்கும்.

பகவதி அசையவில்லை. "வேண்டாம் சாரே, வெறும் கால் ஆணிதான். நான் இந்த மோள்ட்ட காட்டிக்கிடுதேன்" என்று நடுவில் தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் வந்து அபிதாவின் எதிரே உட்கார்ந்தாள்.

செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால், காலில் ஆணியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இதற்குமேல் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"மோளு இந்த ஆப்பரேசன் பகுதியிலயே நிப்பியா, இல்ல வேற எங்கயும் மாறிருவியா?"

கேட்டாளே கேள்வி! "மாறவே மாட்டேன். மேல்படிப்பும் சர்ஜரிதான். ராத்திரி பகல் பாக்காம ஆஸ்பத்திரியிலயே கெடப்பேன். ஒரு சாயா போடக்கூட எனக்குத் தெரியாது."

முகம் சுருங்கும் என்று பார்த்தால், அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சாயா யாரு வேணும்னாலும் போடலாம். கத்தி புடிச்சா கை நடுங்குமா?"

"எதுக்கு நடுங்கணும்? நேத்து ஒருத்தருக்க முதுகுல இருந்து தேங்கா கணக்கா ஒரு கொழுப்புக் கட்டிய எடுத்தோம். கையக் கழுவிட்டு நேரா போயி மீன்கறியும் சோறும் தின்னேன்."

"அந்த ஆளு இப்போ சொகமாட்டு இருக்காரா?"

"நல்லாட்டு இருக்காரு."

"மோளுக்குக் கோவம் வருமோ? ஏசுவியா?"

"பயங்கரமா ஏசுவேன்."

"தப்பு செஞ்சவ ஏச்சு கேட்டுத்தானே ஆவணும்" என்று தலையாட்டினாள் பகவதி. அபிதாவுக்கு எரிச்சலாக வந்தது. இது என்ன மாமியாரப்பா, எதைச் சொன்னாலும் பிடித்துப்போகிறதே.

பகவதி குரலைத் தாழ்த்தினாள். "ஒரு காரியம் சொன்னா மோளுக்க வாயில நிக்குமா?"

கிடைத்ததடா வழி என்று பிடித்துக்கொண்டாள் அபிதா. "நிக்கவே நிக்காது. சாயங்காலத்துக்குள்ள ஊரெல்லாம் சொல்லிருவேன்."

பகவதியின் முகம் செத்துப்போனது. "செரி மோளே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு, சீட்டைக்கூட வாங்காமல் எழுந்து திரை வரைக்கும் போய்விட்டாள்.

ஜெயித்தாயிற்று, பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் அபிதாவுக்கு மனசு கேட்கவில்லை. சாயா போடத் தெரியாதவள் என்று குலசேகரம் முழுக்கச் சொல்லட்டும், போகட்டும். நோயாளி சொன்னதை ஊருக்குச் சொல்கிற டாக்டர் என்று எப்படிச் சொல்ல விடுவது?

"நில்லுங்கம்மா. அது சும்மா சொன்னது. நோயாளி சொல்லுதத நான் எங்க அம்மைட்டகூட சொல்ல மாட்டேன். ஆனா உங்க மோனுக்கு நான் ஒத்துவர மாட்டேன். சர்ஜரிய என்னால விட முடியாது."

பகவதி திரும்பி வந்தாள். ஒன்றும் புரியாதவளாக அவளையே பார்த்தாள். "எனக்க மோனா? எனக்குப் பிள்ளையளே இல்லியே மோளே."

திரையை நன்றாக இழுத்து மூடினாள். ஸ்டூலைக் கிட்டே போட்டு உட்கார்ந்து, அபிதாவின் கையைப் பிடித்துத் தன் முந்தானைக்குள் இடது மார்பில் வைத்தாள். விரலுக்கு அடியில் நெல்லிக்காய் போல ஒரு கட்டி, கெட்டியாக, அசையாமல் இருந்தது.

"ஆம்பிளையளுக்குக் காட்ட வெக்கமாட்டு இருந்து. இந்த ஆப்பரேசன் பகுதிக்கு ஒரு பொம்பள டாக்டர் வரட்டும்னுதான் மோளே காத்துக் கெடந்தேன்."