முகத்தின் மேல் ஒரு கட்டம்

"அம்மா, சாப்பிடப் போகலையா?"

அஸ்வினி கேட்டது கனகலட்சுமியின் காதில் விழவில்லை. கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவளின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அஸ்வினி பக்கத்தில் வந்ததும் திடுக்கிட்டு, படத்தில் தெரிந்த முகத்தின் மேல் அவசரமாக ஒரு கட்டம் போட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

"ஒண்ணுமில்ல தாயி, கண்ணு எரியுது. மொகத்தைக் கழுவிட்டு வாரேன்."

அஸ்வினி நம்பவில்லை.

ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஊர் ஊராக ஆர்வலர்கள் பைக்கில் போய் எடுத்தனுப்பும் தெருப் படங்களை ஒன்று சேர்த்து, யாரும் பார்க்கும்படி நெட்டில் வரைபடமாகப் போடுவார்கள். அதற்கு முன் படத்தில் இருப்பவர்களின் முகத்தை மறைத்தாக வேண்டும். முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டால் போதும், அது கலங்கிப்போகும். சம்பளம் என்ற பேச்சே கிடையாது. அத்தனை பேரும் தாமாக வருகிறவர்கள்தான்.

காசில்லாத வேலைக்கு எதற்காக வருகிறார்கள் என்று விசாரித்து எழுதச் சொல்லி, மேலிடத்தில் பொறுப்பாளர் அஸ்வினியைக் குடைந்துகொண்டே இருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சர்டிபிகேட்டுக்காக வந்தார்கள். ரிட்டையர் ஆன முத்துக்குமரன் சார், பகலில் மருமகளோடு முட்டிக்கொள்ளாமல் இருக்க வந்தார். கனகலட்சுமியிடம் மட்டும் அவள் கேட்கவே இல்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா என்ன?

அவளை முதல் நாள் கூட்டிவந்தவர் அவள் புருஷன் பாண்டியராஜன். பழங்காநத்தத்தில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய மனிதர், வயசைப் பார்க்காமல் அஸ்வினியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எங்க பொண்ணு அழகுமீனா வீட்டை விட்டுப் போயி ரெண்டு வருசமாச்சும்மா. தேடாத எடமில்ல. நீங்க இம்புட்டு ஊரு படம் பாக்குறீக. இவளும் பத்தாவது படிச்சவதான், கூட ஒக்காந்து பாக்கட்டும். எந்த ஊரு, எந்தத் தெருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். மத்ததை நாங்க பாத்துக்கிருவோம்."

பேசும்போதே குரல் உடைந்துவிட்டது. அஸ்வினிக்கு மனசு தாங்கவில்லை. அவர் கொடுத்த போட்டோவை அன்றே எல்லா ஆர்வலர்களுக்கும் அனுப்பி, எங்காவது பார்த்தால் தன்னிடம் சொல்லச் சொன்னாள்.

கனகலட்சுமி அன்று கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "கட்டம் போட்டுட்டா, பெறகு அந்த மொகத்தை யாராலயும் பாக்க முடியாதா தாயி?"

"முடியாதும்மா."

அழிவதற்கு முன்னால் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு, பாவம், என்று நினைத்துக்கொண்டாள் அஸ்வினி. மற்றவர்கள் தட்டிக்கழித்த சந்தைப் படங்களையும் பஸ் ஸ்டாண்ட் படங்களையும் கனகலட்சுமி கேட்டு வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் பைக்கில் கூட்டிப்போக வரும் பாண்டியராஜன், "ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா?" என்று வாசலிலேயே கேட்பார். "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அவள் தலை குனிந்தபடி பின்னால் ஏறிக்கொள்வாள்.

இப்போது அவள் முகம் கழுவப் போன நேரத்தில், அஸ்வினி தன் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தாள். அன்றன்றைய வேலைக்கு அவள் ஒப்புதல் கொடுக்கும்வரை மறைக்காத பிரதி அவளிடம் இருக்கும். இது மற்றவர்களுக்குத் தெரியாது.

திருப்பூரில் ஒரு சந்து. குழாயடியில் குடத்தோடு ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை. அழகுமீனாவேதான். போட்டோவில் இருந்ததைவிட இளைத்திருந்தாள், ஆனால் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அஸ்வினிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்த அம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை? சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்ட மகளை நினைத்துப் புருஷனிடம் சொல்லக் கூச்சப்படுகிறாள் போலிருக்கிறது. பேரப்பிள்ளையைப் பார்த்த பிறகு எந்த அப்பாவுக்குத்தான் கோபம் நிற்கும்?

மறைக்காத படத்தை வெளியே கொடுப்பது விதிக்கு விரோதம். விதி கிடக்கிறது, பெற்ற வயிறு ரெண்டு வருஷமாக எரிகிறதே என்று நினைத்தாள். படத்தையும் தெருப் பெயரையும் பாண்டியராஜனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கையோடு போனும் செய்தாள்.

"சார், அழகுமீனா கெடச்சிட்டா! நீங்க தாத்தா ஆயிட்டீங்க சார்!"

"எந்தத் தெருன்னு அனுப்பிட்டீகளா?" என்றுதான் முதலில் கேட்டார். சந்தோஷத்தில் மனுஷருக்கு வேறு பேச்சே வரவில்லை.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் கடைசியில். பிறகு அவர் தம்பிகளைக் கூப்பிட்டு வண்டியில் ஏறச் சொன்னது கேட்டது.

கனகலட்சுமி ஈர முகத்தோடு உள்ளே வந்ததும் அஸ்வினி ஓடிப்போய் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சு போச்சும்மா! நீங்க சொல்லலைன்னா என்ன, நானே சாருக்குப் படத்தை அனுப்பிட்டேன். திருப்பூருக்குக் கெளம்பிட்டாரு. இன்னைக்கே பேரப்பிள்ளையக் கையில வாங்கிருவாரு பாருங்க!"

கனகலட்சுமி சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆனந்தத்தில் வந்த மயக்கம் என்று அஸ்வினி அவசரமாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"தனியாவா போறாரு?"

"இல்லம்மா, தம்பிகளையெல்லாம் வண்டியில ஏறச் சொன்னாரு. எனக்கே கேட்டுச்சு."

கனகலட்சுமி தண்ணீரை வாங்கவில்லை. அஸ்வினியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த மனுசன் கண்ணுல எம்புள்ள பட்டுறக்கூடாதுன்னுதான் தாயி, நான் இங்க வந்ததே."