நாலாவது கிளை

ஆற்றோரத்துக் கருவேலமரத்தில் ஒரு தூக்கணாங்குருவி இருந்தது. அந்த இனத்தில் ஆண்தான் கூடு கட்ட வேண்டும். பாதி முடைந்ததும் பெண்குருவி வந்து பார்க்கும். பிடித்திருந்தால்தான் மீதிக் கூடு, குடித்தனம் எல்லாம்.

இதற்கோ பாதி முடைவதற்குள் பக்கத்துக் கிளை ஒசத்தியாகத் தெரிந்துவிடும். உடனே கூட்டைப் பிரித்து, அந்தப் புல்நாரைக் கொண்டே அங்கே புதிதாகத் தொடங்கும். இப்படி இரண்டு கூடு போயிற்று. இன்று காலை வெளியே போய்த் திரும்பும்போது நாலாவது கிளை கண்ணில் பட, மூன்றாவதையும் பிரிக்க ஆரம்பித்தது.

"இதையுமா?" என்றது அடிமரத்து ஓணான்.

"சும்மா கிட. அங்கே காத்து எப்படி வருது பார்!"

சாயங்காலம், கடைசி நாரை உருவி அலகில் கவ்விய நேரம், ஒரு பெண்குருவி அந்த வெறுங்கிளையில் வந்து இறங்கியது. இப்படியும் அப்படியும் பார்த்துத் திகைத்தது.

"ஏங்க, இங்க ஒரு கூடு இருந்துச்சே?"

பெண்குருவி கிளைக்கு அடியிலும் எட்டிப் பார்த்தது.

"காலையில நீங்க இல்லாதப்போ வந்தேன். உள்ளே உட்கார்ந்துகூடப் பார்த்தேன். இதுதான் நம்ம வீடுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வரேன். ஐயையோ, எந்தப் பாவி பிரிச்சான்?"

ஓணான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

"நீங்க பார்த்தீங்களா? சொல்லுங்களேன்!"

ஆண்குருவி வாயைத் திறந்தால் நார் விழுந்துவிடும். திறக்காமலே நின்றது. பெண்குருவியின் கண் மெல்ல அதன் அலகில் வந்து நின்றது.