ஒரு சொட்டு ஆயில்

சேவியர் வீட்டு ஷெட்டில் ஒரு மினிலாரி பதினோரு வருஷமாக நின்றிருந்தது. அன்று அதன் வயிற்றுக்குள் நான்காவது எஞ்சின் வந்து உட்கார்ந்தது. பழைய இரும்புக் கடையில் கிடந்த டெம்போ எஞ்சின் அது. வந்ததும் வராததுமாக ஒரே பீற்றல்.

"பாருங்கண்ணே, சாவியைத் திருப்பினதும் உறுமிக் காட்டுறேன்!"

"காட்டு தம்பி, காட்டு. உனக்கு முன்னாடி வந்த மூணு பேரும் அப்படித்தான் காட்டினாங்க," என்றது லாரி.

"அவங்க இப்ப எங்கே?"

"வித்துட்டார். ரிட்டையர் ஆன மனுஷன், பென்ஷன்ல ரெண்டு எஞ்சினா வாங்க முடியும்? ஓடுறதை வித்தாத்தான் அடுத்தது. அவருக்கு ஓட்டுறதுல ஆசை இல்லப்பா, மாட்டுறதுலதான்."

எஞ்சினுக்கு வியர்த்துவிட்டது. "அப்ப நீங்க மட்டும் எப்படிண்ணே தப்பிச்சீங்க?"

"என் இடது கதவு இன்னிக்கு வரைக்கும் ஒழுங்கா மூடினதில்ல," என்றது லாரி, பெருமையாக.

சேவியர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் கொஞ்சமும் திணறாமல் ஓடியது. வாசலில் நின்ற மனைவி பிலோமினா, "முடிஞ்சுதா? அப்ப இந்தாங்க பை. ரேஷன் கடைக்குப் போயிட்டு, அப்படியே மாவு அரைச்சிட்டு வாங்க," என்றாள். சேவியரின் முகம் தொங்கிப்போனது.

அப்போது எஞ்சினுக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு ஆயில் தரையில் விழுந்தது.

"ஐயோ, லீக் அடிக்குதே! இன்னும் ஒரு மாசம் வேலை இருக்கு பிலோமி!" என்று கத்தினார் சேவியர். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து, பானட்டைத் தட்டிக்கொடுத்தார்.

"சமத்துடா நீ."