மாமியாரின் பச்சைக் கல்

மெஷினிலிருந்து மோதிரத்தை எடுத்தேன். கல் இரண்டாக இருந்தது.

மாமியாரின் மோதிரம். அவர்கள் கல்யாணத்தில் மாமனார் போட்ட மரகதம். நகைப் பட்டறை வைத்திருக்கும் இந்த மாப்பிள்ளையை நம்பி, ஒன்பது வருஷத்தில் மாமியார் கொடுத்த முதல் பொருள். அழுக்கெடுக்க மட்டும்தான் கொடுத்தார்.

நகையை அதிரவைத்துக் கழுவும் அந்த மெஷினில், லென்ஸில் பார்க்காமல் நான் எதையும் போடுவதில்லை. ஆனால் மாமியார் பொருளை அவர் கண்ணெதிரே லென்ஸ் வைத்துப் பார்த்தால் சந்தேகப்படுவதாக ஆகிவிடாதா? மரியாதை பார்த்தேன். மண்ணாய்ப் போனேன்.

கல் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

உடைந்த இடம் வழவழவென்று, படிக்கட்டு மாதிரி மடிந்திருந்தது. மரகதம் இப்படி உடையாது. இது அமேசானைட். ஃபெல்ட்ஸ்பார் வகைப் பச்சைக் கல். கண்ணாடியைக் கீறும், அவ்வளவுதான் வீரம். கொஞ்சம் அதிர்ந்தால் நேராகப் பிளந்துகொள்ளும்.

பேரே டூப்பு. அமேசான் நதியின் பெயரை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறது. அந்த நதியில் தேடியவர்களுக்கு இதில் ஒரு பொடிகூட அகப்படவில்லையாம்.

வாய்விட்டுச் சிரித்தேன். மாமனாரே, நீங்கள் பலே ஆள்!

பிறகு சிரிப்பு நின்றது. அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. மாமியார் அந்த மோதிரத்தைத் தடவிக்கொண்டுதான் டிவி பார்ப்பார். உண்மையைச் சொன்னால் செத்தவர் மானம் போகும். சொல்லாவிட்டால், மரகதத்தை உடைத்தவன் என்று என் மானம் போகும்.

இழுப்பறையில் அமேசானைட் கற்கள் கிடந்தன. அதே பச்சை, அதே வெள்ளைக் கீற்று உள்ளதாக ஒன்றைப் பொறுக்கி, தேய்த்து, மோதிரத்தில் பதித்தேன். திருட்டு வேலைதான். ஆனால் மாமனாருக்காகச் செய்கிறேன் என்று எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

மாலையில் மாமியார் வந்தார். வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. கல்லை மாத்திடுவீங்களோன்னு பயந்து, அதே மாதிரி செஞ்ச போலியை முதல்ல கொடுத்துப் பார்த்தேன். அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கீங்க. உங்களைப் போய் சந்தேகப்பட்டேனே!"

கைப்பையைத் திறந்து, அழுக்கெடுக்கச் சொல்லி அசல் மரகத மோதிரத்தை என் உள்ளங்கையில் வைத்தார்.

என் கை நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்குகிறேன் என்று நினைத்து, ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.