எறும்புக்கடி

“இன்னும் தண்ணியாத்தான் இருக்கு, டாக்டர்.”

வெந்நீர்த் தொட்டியிலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார் எறும்பு சார். உள்ளே இருந்த ரத்தநீர் இந்நேரம் உறைந்து நின்றிருக்க வேண்டும். அதுவோ அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஓடிக்கொண்டிருந்தது.

எறும்பு என்பது ஆய்வுக்கூடத்தில் அவருக்கு விழுந்த பட்டப்பெயர். ரத்தம் கொடுக்க வருகிறவர் பயில்வானாகவே இருந்தாலும், “எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே ஊசியைக் குத்தி வேலையை முடித்துவிடுவார். இந்த வாரம்தான் மாற்றலாகி வந்த பெண் டாக்டருக்கு அவரைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். லீவில் இருந்த மனிதர் இன்று காலை முகச்சவரம்கூடச் செய்யாமல் வந்து நின்றதை டாக்டர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாடியில், குழந்தைகள் வார்டில், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை. மூக்கிலும் தொப்புளிலும் கசிகிற ரத்தம் நிற்கவே இல்லை. குழாயின் மேல் வழக்கம்போல் தாயின் பெயர் மட்டும் ஒட்டியிருந்தது.

“வைட்டமின் கே இல்லாமதான் இப்படி ஆகுது. பிறந்ததும் தொடையில போடுற ஊசியை அப்பன்காரன் வேண்டாம்னுட்டானாம். பிஞ்சு உடம்பு, குத்தாதீங்கன்னு நர்ஸ்கிட்ட கெஞ்சினானாம்,” என்றார் டாக்டர்.

எறும்பு சார் அடுத்த வேலைக்குத் திரும்பினார். வைட்டமின் கே அளவு பார்க்கத் தனியாக வந்திருந்த குழாயை, வெளிச்சம் பட்டுக் கெடாமலிருக்க அலுமினியத் தாளில் சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலைதான். இன்று தாள் இரண்டு முறை கிழிந்தது. தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

அந்தச் சோதனையின் முடிவு வர நாளாகும், அதுவரை குழந்தை தாங்காது. டாக்டர் வார்டுக்குப் போன் செய்து, ஊசியை இப்போதே போடச் சொன்னார்.

எறும்பு சார் மதியம் சாப்பிடப் போகவில்லை. டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. பிற்பகலில் குழந்தையின் ரத்தம் மறுபடி வந்தது. குழாயை வெந்நீரில் வைத்துவிட்டு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு வெள்ளை இழை தோன்றியது. அதைப் பற்றிக்கொண்டு இன்னொன்று. கண் இமைப்பதற்குள் எல்லாம் ஒன்றாகத் திரண்டுவிட்டது. எறும்பு சார் குழாயைச் சாய்த்தார். ஆடைத்தயிர் போல அசையாமல் நின்றது. எத்தனையோ குழாய்களைச் சாய்த்துப் பழகியவர், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போட்ட மருந்து ஒரு கடுகு அளவுகூட இல்ல,” என்றார் டாக்டர் மெதுவாக. “ஓடிப்போக இருந்த உயிரைப் பிடிச்சு நிறுத்திருச்சு பாருங்க. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்குது.”

போன் அடித்தது. கசிவு நின்றுவிட்டதாம், குழந்தை பால் குடிக்கிறதாம். எறும்பு சார் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

நிம்மதி வந்ததும் டாக்டருக்குக் கோபமும் வந்தது. “எறும்புக்கடிக்குப் பயந்து பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்தானே, அந்த அப்பனை நான் ஒரு தடவை நேர்ல பார்க்கணும்.”

எறும்பு சார் கையுறைகளை மெல்லக் கழற்றினார்.

“காலையிலேருந்து பார்த்துக்கிட்டுதான் இருக்கீங்க, டாக்டர்.”