வழியில் விட்டவள்

ஓவியக்காரி ஏணியிலிருந்து இறங்குவதற்குள் அவள் அண்ணன் துணி வெட்டும் கத்தியை எடுத்துவிடுகிறான். அவள் வரைந்த சுவர் நீள ஓவியத் திரையில், ஊரைவிட்டு ஓடிய நாளின் கூட்டம் மூட்டை முடிச்சுகளோடு நடந்துகொண்டிருக்கிறது. முதல் வீச்சில் லாரி கிழிகிறது, அடுத்ததில் குழந்தைகள். மதிய வெயிலில் துணி கிழியும் சத்தம் செவியில் அறைகிறது. தடுக்க வந்தவளை முழங்கையால் இடிக்கிறான். உதடு பிளந்து ரத்தம் மோவாயில் வழிகிறது. “நம்ம கதைய ஊரே பாக்கணுமாடி?” ஓவியத்தில் சாலையோரம் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் வந்ததும் கத்தி நிற்கிறது. “என்னால முடியல, நீங்க போங்கன்னு அவளேதான் சொன்னா,” என்கிறான் மூச்சிரைக்க. “இல்லண்ணா. என்னையும் தூக்கிட்டுப் போடான்னு கத்தினா. சின்னப்பிள்ளையா உன் தோள்ல இருந்தேன், எனக்குக் கேட்டுச்சு.” அம்மாவின் கழுத்தருகே நின்ற கத்தியைத் தாழ்த்துகிறான். “எனக்குந்தான் கேட்டுச்சு,” என்கிறான்.